கடை அக்கா பொய் சொல்ல மாட்டாங்க

"மூடப்போறோம்னு சொல்லிட்டு நாலாம் நாள் திறந்தா அதுக்குப் பேரு என்ன தெரியுமா சார்..."

"விளம்பரம்."

"...புளுகு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அதுக்குப் பேரு புளுகு."

"எப்படியும் மூணு நாள் மூடித்தான் ஆகணும், பழைய கடையைப் பிரிச்சுட்டுப் புதுசை மாட்டணும்னு நீங்கதானே..."

"பராமரிப்பு வேலைன்னு போடுங்கன்னு சொன்னேன். சாவு அறிவிப்பு போடுங்கன்னா சொன்னேன்?"

"பராமரிப்புன்னு போட்டா எவன் திரும்பிப் பார்ப்பான்? செத்தவன் எழுந்து வந்தாத்தான் தெருவே வாசலுக்கு வரும்."

"வரும் சார். வந்து, நிஜமாவே செத்தானான்னு முதல்ல கிள்ளிப் பார்க்கும்."

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேநீரைக் குனிந்து குடித்தால் கண்ணாடியில் ஆவி படியும். அறுபத்தொரு வயதில் தூக்கிப் பிடித்துக் குடிக்கவும் கை வராது. ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், ஐயா. ஆரம்பம் இதுதான்.

எங்கள் கடைக்கு வாசலும் கிடையாது, ஷட்டரும் கிடையாது. பழைய வீடியோ கேம்களைக் கணினி வழியாக விற்கிற கடை. வாங்கியவர் தன் அக்கவுண்டுக்குள் போய் இறக்கிக்கொள்வார். எவ்வளவு தூரம் ஆடினார், எங்கே விட்டார் என்கிற சேவ் எங்கள் சர்வரில் இருக்கும். வீட்டுக் கணினியில் இருப்பது அதன் நகல். இரண்டும் வேறுபட்டால் எங்களிடம் இருப்பதையே கணினி அசலாக எடுத்துக்கொள்ளும்.

கடையை நடத்துகிறவரை, அவர் இல்லாத நேரத்தில், மாப்பிள்ளை என்போம். கடையைத் தொடங்கியவரின் மகளைக் கட்டிக்கொண்டு, மாமனார் ஓய்வெடுத்ததும் நாற்காலியில் உட்கார்ந்தவர். கெட்டவர் இல்லை. மாமனார் வைத்த கடையில் தன் கையால் ஒரு ஆணியாவது அடிக்க வேண்டும் என்கிற அரிப்பு. மற்றவர் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர், சர்வர்காரர். மகன் ஏதோ ஹோட்டலில் பரிமாறுகிறான் என்றே அவருடைய அம்மா கடைசிவரை நினைத்திருந்தாராம்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க சொல்லுங்க."

"அறிவிப்புல யார் கையெழுத்து?" என்று கேட்டேன்.

"உங்களோடதுதான். என் பேரைப் போட்டா எவன் நம்புவான்?"

அவர் சிரித்தார். சர்வர்காரர் சிரிக்கவில்லை. "வேண்டாம்க்கா. பதினோரு வருஷமாச் சேர்த்த பேரு" என்றார்.

"மூணு நாள்தானே தம்பி" என்றேன். அந்த அறையில் என் பங்கு அவ்வளவுதான்.

என் வேலை, வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது. பதினோரு வருடங்களாக ஒவ்வொரு பதிலின் கீழும் 'கடை அக்கா' என்று போட்டிருக்கிறேன். இந்த விளையாட்டு உங்கள் கணினியில் ஓடாது, வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லது எதிர்க்கடையில் இருக்கிறது, அங்கே போங்கள் என்றும் எழுதியிருக்கிறேன். மாமனார் காலத்தில் அதற்காக ஒருமுறை திட்டு வாங்கினேன். அனுப்பப்பட்டவர் அங்கே வாங்கிவிட்டு இங்கேயே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு திட்டவில்லை. வாடிக்கையாளர்கள் கூடிப் பேசுகிற மன்றம் ஒன்று இருக்கிறது. அங்கே ஏதாவது வாக்குவாதம் வந்தால் யாராவது ஒருவர், "கடை அக்கா பொய் சொல்ல மாட்டாங்க" என்று எழுதுவார். வாக்குவாதம் முடிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு நான் என்ன வேலை செய்கிறேன் என்று இன்றும் சரியாகத் தெரியாது. பொம்மைக் கடை என்பார். அந்த ஒரு வரியை அவரிடம் படித்துக் காட்டியிருக்கிறேன். "பரவாயில்லையே" என்றார்.

இனி லிஃப்ட்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவரோடு அவருடைய அக்கா இருக்கிறார். பெரியக்கா என்பார். தாய் தகப்பன் போன பிறகு அவரை வளர்த்தது பெரியக்காதான். அந்த அம்மாள் தபால் நிலையத்தில் இருபத்தேழு வருடம் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர். எந்தத் தெரு, எந்த வீடு, கதவில் என்ன நிறம் என்பதெல்லாம் விரல் நுனியில். ஓய்வு பெற்றதும் எங்களிடம் ஒரு விளையாட்டு வாங்கினார். ஊர் கட்டுகிற விளையாட்டு. ஒரு ஆறு, கொஞ்சம் புல்வெளி, மிச்சத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். வீடு கட்டி அதற்குப் பெயர் வைத்தால் ஆட்கள் குடிவருவார்கள். அவர் நூற்று நாற்பத்து மூன்று வீடுகள் கட்டினார். ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இருக்காது.

பிறகு ஒரு பக்கம் வாதம் அடித்தது. பேச்சு போயிற்று. எழுத்து போயிற்று. சைகையும் போயிற்று. தலையாட்டச் சொன்னால் ஆமாமுக்கும் இல்லைக்கும் ஒரே ஆட்டம். தாகமாக இருந்தால் எதிரே இருக்கிற தம்ளரைக்கூடக் காட்டத் தெரியாது. இடது கையில் மவுஸைக் கொடுத்தால் மட்டும் ஊருக்குள் போவார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் லிஃப்ட்காரர் எனக்கு ஒரு புகார் எழுதினார். விளையாட்டில் ஏதோ கோளாறு, பெரியக்கா கிணற்றடி வீட்டையே பத்து தடவை அழுத்துகிறார், ஒன்றும் ஆகவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்று. நான் சோதித்துப் பார்த்தேன். கோளாறு இல்லை. "அவங்க அழுத்துற நேரத்தைக் குறிச்சு அனுப்புங்க தம்பி" என்று எழுதினேன். ஒரு வாரம் குறித்து அனுப்பினார். சாப்பாட்டுக்குப் பின் அரைமணி, வெயில் ஏறும்போது, மாத்திரை போட்டதும். "தண்ணீர் கொடுத்துப் பாருங்கள்" என்று எழுதினேன்.

அன்று மாலை அவரிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "குடிச்சாங்கக்கா."

அதிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கண்டுபிடித்தோம். நீலக் கூரை வீடு என்றால் தம்பி வர வேண்டும். ஜன்னலே இல்லாத வீடு தலைவலி. பாலம் தாண்டி இருக்கிற வீடு, வெளியே கூட்டிப் போ. இரண்டு புகைபோக்கி வீடு, போதும் நிறுத்து. இதை லிஃப்ட்காரருக்கு எதிராக அதிகம் பயன்படுத்துவார் என்று அவரே எழுதியிருந்தார். "நான் பாட ஆரம்பிச்சா உடனே ரெண்டு புகைபோக்கிக்குப் போயிடுறாங்க." ஆற்றோரம் ஒரு மஞ்சள் வீடு இருந்தது. சில மதியங்களில் மட்டும் அதை மெல்ல அழுத்துவார். அது என்னவென்று எங்கள் இருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. நாற்பது கடிதமாவது அதைப் பற்றி மட்டுமே எழுதியிருப்போம். மன்றத்தில் எல்லோருக்கும் 'பெரியக்கா ஊர்' தெரியும். அந்த மஞ்சள் வீட்டுக்கு ஆளாளுக்கு ஒரு ஊகம் சொல்வார்கள்.

அந்தச் சேவ் எங்கள் சர்வரில் இருந்தாலே போதும் என்று சொன்னதும் நான்தான். "வீட்டுக் கணினி எப்ப வேணா கெட்டுப்போகும். எங்ககிட்ட இருந்தா பத்திரம்" என்றேன். அன்று அது உண்மை.

அறிவிப்பை நான்தான் எழுதினேன். 'நாளை முதல் கடை மூடப்படுகிறது. இத்தனை வருடம் உடன் இருந்ததற்கு நன்றி.' இரண்டு வரி. நீங்கள் அதை நன்றாகப் படித்துப் பாருங்கள். திறக்க மாட்டோம் என்று எங்கேயும் இல்லை. மாப்பிள்ளை படித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் அழுத்தமா இருக்கலாம்க்கா" என்றார். யோசித்து ஒரு வரி சேர்த்தேன். 'நீங்கள் எங்களிடம் வைத்திருக்கும் சேவ்களும் அழியும்.' அந்த வரியை அவர் கேட்கவில்லை. எழுத்துக்கு ஒரு கனம் வேண்டும் என்று நானே சேர்த்தது.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அறிவிப்பு வெளியானது. மதியத்துக்குள் ஆறாயிரம் கடிதம். முதல் வேலை போன அன்றைக்கு உங்கள் கடையில் வாங்கியதைத்தான் விடிய விடிய ஆடினேன் என்று ஒருவர். என் மகனுக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே பேச்சு இதுதான் என்று ஒருவர். மாப்பிள்ளை என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். அவர் கண் கலங்கியது. "பாருங்கக்கா, எவ்வளவு பாசம்" என்றார். உயிரோடு இருப்பவன் தன் இழவு வீட்டை எட்டிப் பார்க்கிற சந்தோஷம் அது. எனக்குக் கண் கலங்கவில்லை. கடிதங்கள் நிறைய இருந்தன.

வெள்ளிக்கிழமை காற்று மாறியது. கடையை மூடினாலும் சேவ்கள் போய்வருகிற வழியை அடைக்க முடியாது என்று சர்வர்காரர் முன்னமே சொல்லியிருந்தார். "அதையும் அடைக்கச் சொன்னா நான் வேலைக்கு வர மாட்டேன். அது ஜனங்களோட பொருள்." மாப்பிள்ளையும் விட்டுவிட்டார். ஆகவே யார் சேவும் அழியவில்லை. காலை பதினோரு மணிக்கு மன்றத்தில் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார்.

"சேவ் அழியும்னாங்க. எல்லாம் அப்படியே இருக்கே. ஏதோ நாடகம் மாதிரி தெரியுது."

கீழே இன்னொருவர், "கடை அக்கா பொய் சொல்ல மாட்டாங்க" என்று வழக்கம்போல எழுதினார்.

அதற்குக் கீழே முதலாமவர், "இந்தத் தடவை சொல்லியிருக்காங்க. கேட்டுப் பாருங்க" என்று எழுதினார்.

அந்த வரியின் கீழே நானூறு பேர் ஆமாம் போட்டார்கள். ஒரு மணிக்குள் ஆயிரத்து இருநூறு. மாப்பிள்ளைக்கு அது பிடித்திருந்தது. "சந்தேகமும் விளம்பரம்தான்க்கா. பேசட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவருக்கு அது விளம்பரம். அவர் பெயர் அங்கே இல்லை.

நான் என் மேசையிலேயே சாப்பிட்டேன். டப்பாவைக் கழுவி வைத்தேன். யோசித்தேன்.

கோபம் வந்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. ஒரு வரி நெருடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் எழுதியதில் இரண்டு வரி உண்மை, ஒரு வரி பொய். பதினோரு வருடத்தில் அந்த ஒரு வரி. அதைத் திரும்பப் பெற முடியாது, பெற்றால் நாடகம் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். பொய்யை எடுக்க முடியாவிட்டால் அதை உண்மையாக்கிவிடலாம். சேவ்கள் அழியும் என்று எழுதியிருக்கிறேன். எல்லாம் அழியும் என்று எழுதவில்லை. ஒன்று அழிந்தால் போதும்.

யாருடையது என்பதுதான் கேள்வி. பத்து வாரம் பேசாத ஆள் ஒருவருடைய சேவ் போனால் யாருக்கும் தெரியாது. வாயாடி ஒருவருடையது போனால், கடை காசு கொடுத்து அழச் சொல்கிறது என்பார்கள். அழுதால் ஊரே நம்புகிற ஆளாக இருக்க வேண்டும். பொய்யாக அழ வராத ஆளாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒரே ஒருவர்தான் இருந்தார். இதில் பகை ஒன்றும் இல்லை. நல்லவர் என்பதால்தான் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, அக்கவுண்டைக் காலி செய்யும் படிவத்தைத் திறந்தேன். அது என் வேலைக்கு உரிய படிவம்தான், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அக்கவுண்ட் எண்ணை அடித்தேன். காரணம் கேட்டது, தேர்ந்தெடுத்தேன். நிச்சயமா என்று கேட்டது, நிச்சயம் என்று அழுத்தினேன். ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. அதற்குப் பிறகு ஐந்தரை மணிவரை மற்றவர்களுக்குப் பதில் எழுதினேன்.

சனிக்கிழமை காலை லிஃப்ட்காரர் மன்றத்தில் ஒரு வீடியோ போட்டார். ஒன்றரை நிமிடம். பெரியக்கா பின்பக்கமாகத் தெரிகிறார். வெள்ளை முடி, நீல ஸ்வெட்டர். திரையில் ஆறும் புல்வெளியும் மட்டும். வீடு ஒன்றுகூட இல்லை. அவர் கை புல்லின்மேல் ஒரு இடத்தை அழுத்துகிறது. கிணற்றடி வீடு இருந்த இடம். மறுபடி அழுத்துகிறது. பொறுமையாக, கதவைத் தட்டுகிறவர் போல. லிஃப்ட்காரர் குரல் கேட்கிறது. "இல்ல பெரியக்கா. அங்க ஒண்ணுமில்ல. என்னான்னு சொல்லுங்க. தண்ணியா? தலைவலியா?" அவ்வளவுதான் வீடியோ.

மன்றம் அடங்கியது. நாடகம் என்று சொன்னவர் மன்னிப்புக் கேட்டு எழுதினார். "கடை அக்கா சொன்னது நிஜம்தான். சந்தேகப்பட்டது என் தப்பு." அன்று மாலைக்குள் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் இருபது லட்சம். செய்தியிலும் வந்தது. மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, இது என்னக்கா? யாரு சேவும் போகாதுன்னு தானே..."

"ஒண்ணு போயிருக்கு தம்பி."

"திங்கட்கிழமை திரும்பக் கொடுத்துடலாம்ல?"

"சர்வர்காரர்கிட்ட கேளுங்க."

பிறகு, "இருபது லட்சம் பேருக்கா" என்றார். அதைக் கேள்வியாகச் சொன்னாரா வியப்பாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கள் காலை கடை திறந்தது. 'நாங்கள் எங்கும் போகவில்லை' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். அலுவலகத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை கேமரா முன்னால் கைகூப்பி, பெரியக்கா ஊரைத் திரும்பக் கொடுப்போம் என்று வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே வந்து சர்வர்காரரிடம், "போட்டுடுங்க" என்றார்.

"எதைப் போட? பேக்கப் நகலும் போயிருக்கு."

"எப்படிப் போகும்? முப்பது நாள் வெச்சிருப்போம்னு..."

"வாடிக்கையாளரே அழிக்கச் சொன்னா வெச்சிருக்கக் கூடாது சார். சட்டம். ஒரு மணி நேரத்துல எல்லாம் போயிடும். இந்தப் படிவத்துல காரணம் அப்படித்தான் இருக்கு." என் பக்கம் திரும்பினார். "அக்கா, அவரா கேட்டார்?"

பலூன் ஒன்று மின்விசிறிக் காற்றில் சுவரில் உரசிக்கொண்டிருந்தது.

"அக்கா. அவர் கடிதம் எங்க? அழிக்கச் சொல்லி அவர் எழுதின கடிதம்?"

"இல்லை தம்பி" என்றேன்.

அவர் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பிறகு உங்கள் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

கைதவறித் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது அப்படி இல்லை. அந்தப் படிவத்தில் மூன்று காரணங்கள் உண்டு. தற்காலிக முடக்கம், விதிமீறல், வாடிக்கையாளர் கேட்டது. முதல் இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பேக்கப் முப்பது நாள் இருக்கும். ஆனால் திரையில் 'முடக்கப்பட்டது' என்று ஒரு பெட்டி வரும். பெட்டியைப் பார்த்தால் கடையிலிருந்து யாரோ செய்தது என்று தெரிந்துவிடும். மூன்றாவதில் பெட்டி வராது. வெறும் புல்வெளி வரும். எந்தக் காரணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஊழியர் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. அதை எழுதியது நான்.

இன்னொன்று. என் கடிதங்களை நீங்கள் எடுத்துப் பார்த்துவிட்டீர்கள், ஆகையால் நானே சொல்கிறேன். வியாழக்கிழமை, அறிவிப்பு வந்த ஒரு மணி நேரத்தில் லிஃப்ட்காரர் எழுதியிருந்தார்.

"அக்கா, பெரியக்கா ஊர் என்னாகும்? காப்பி எடுத்து வெச்சுக்கலாமா? எனக்கு லிஃப்ட்தான் தெரியும், இது தெரியாது. எப்படின்னு சொல்லுங்க, இப்பவே செய்றேன்."

காப்பி எடுக்க மூன்று படிகள். அதை விளக்கும் பதில் என்னிடம் தயாராக இருந்தது. அன்று காலை மட்டும் எண்ணூறு பேருக்கு அனுப்பியிருந்தேன். அவருக்கு எழுதியது வேறு. 'அவசரப்பட வேண்டாம். கணினியை அணைக்காமல் இணைப்பிலேயே வைத்திருங்கள். நேரம் வரும்போது நானே சொல்கிறேன்.' கணினி இணைப்பில் இருந்தால்தான் சர்வரில் காலியானது வீட்டிலும் காலியாகும்.

தேதியை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில்தான் முடிவு செய்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அப்படித்தான் என் நினைவில் இருக்கிறது. வியாழக்கிழமை யாரும் என்னைப் பொய் சொல்பவள் என்று சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கடிதம் வியாழக்கிழமை எழுதியது. எண்ணூற்று ஒன்றாவது ஆளுக்கு ஏன் கை வேறு விதமாக எழுதியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த ஊர் தேவைப்படலாம் என்று எடுத்து வைத்திருப்பேன்.

பெரியக்கா ஊரை அழித்தது நான். திரும்ப வராது என்று தெரிந்து அழித்தேன். காப்பி எடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டு அழித்தேன். மாப்பிள்ளைக்கு இதில் பங்கில்லை, அவர் நாடகம் ஆட மட்டுமே நினைத்தவர். எழுத வேண்டியது இதுதான் என்றால் எழுதிவிட்டேன்.

ஆனால் புதன்கிழமை என்ன நடந்தது என்றும் கேட்டிருந்தீர்கள்.

புதன்கிழமை மாப்பிள்ளை எங்களை லிஃப்ட்காரர் வீட்டுக்கு அனுப்பினார், என்னையும் ஒரு புகைப்படக்காரரையும். புதுக் கணினி ஒன்று, ஆயுள் முழுக்க எல்லா விளையாட்டும் இலவசம் என்கிற அட்டை ஒன்று. நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட்காரர் பாதிப்படி இறங்கி வந்து கணினிப் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆறு வருடக் கடிதத்துக்குப் பிறகு அன்றுதான் நேரில் பார்க்கிறேன். நாற்பத்தைந்து வயதிருக்கும், சவரம் செய்து நாளாகியிருந்தது.

"ஊர் லிஃப்ட்டெல்லாம் ஏத்தி இறக்குறேன், என் வீட்டுக்குப் படிதான்க்கா" என்றார். "மூச்சு வாங்குதா? உக்காருங்க, மெதுவா வாங்க."

முன்னறையில் கட்டில், அதன் அருகே மேசை, மேசைமேல் கணினி. பெரியக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். உடம்புல தண்ணியே இல்லைன்னாங்க. நான் கொடுத்துட்டேதான் இருந்தேன்க்கா. எப்ப வேணும், எப்ப வேண்டாம்னு தெரியாம கொடுத்தா துப்பிடுறாங்க." குரலைத் தாழ்த்தினார். "கிணத்தடி வீட்டை நானே கட்டிப் பார்த்தேன். அதே இடம், அதே கதவு. திரும்பிக்கூடப் பார்க்கல. இது நீ கட்டினது, என்னோடது இல்லைங்கிற மாதிரி."

"கொஞ்ச நாள் ஆகும்" என்றேன்.

"ஆகும்ல? நீங்க சொன்னா சரிக்கா." அவர் முகம் சற்றுத் தெளிந்தது. "கடைக்காரங்க மேல எனக்குக் கோபம்தான், மறைக்கல. உங்க மேல இல்ல. நீங்க அன்னிக்கே அழியும்னு எழுதிட்டீங்க. மத்தவங்கதான் நாடகம்னு சொன்னாங்க. நான் மன்றத்துல அவங்களோட சண்டையே போட்டேன்."

இதை நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும் ஐயா. இவ்வளவு நடந்தும் அந்த மனிதருக்கு என்மேல் இருந்த நம்பிக்கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதை நான் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

புகைப்படக்காரர் வெளிச்சம் சரியில்லை என்று திரைச்சீலையை விலக்கினார். லிஃப்ட்காரர் நாற்காலியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "பெரியக்கா, யாரு வந்திருக்காங்க பாருங்க. கடை அக்கா. அறிவிப்பு எழுதினாங்களே, அவங்க" என்றார்.

பெரியக்கா புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸ் ஆற்றோரமாக நகர்ந்து, மஞ்சள் வீடு இருந்த இடத்தில் நின்றது. அழுத்தவில்லை. பிறகு மவுஸை விட்டுவிட்டார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இடது கை மெல்ல மேசையிலிருந்து எழுந்தது. விரல் மடங்கி, மடங்கி, நிமிர்ந்தது. புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்து ஒரு படம் எடுத்தார். கடையின் முகப்பில் இப்போது இருப்பது அந்தப் படம்தான்.

நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். ஆறு வருடப் பழக்கம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

லிஃப்ட்காரர் அந்த விரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆறு வருஷத்துல அவங்க யாரையும் கைநீட்டிக் காட்டினதே இல்லைக்கா. உங்களைக் காட்டுறாங்க. எதுக்குன்னு உங்களுக்காவது தெரியுதா?"